வெள்ளி மினியும் தம்பியின் மூச்சும்



கோடைகால ஒன்றுகூடலன்று ஆலய வாகனத் தரிப்பிடத்தில் ஒரு வெள்ளி நிற மினியைச் சுற்றி நின்று படம் எடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? அது என் தம்பியின் கார். 1979ஆம் ஆண்டு வண்டி. அவனைவிட இருபது வயது மூத்தது. வீட்டுக் கராஜிலேயே பெயின்ற் அடித்தது என்று தெரிந்ததும், "அக்கா, எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோவன்" என்றீர்கள். உங்களில் மூன்று பேர் தாங்களும் ஒரு பழைய கார் தேடுவதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் பெயின்ற் வேலை படித்தவள் அல்ல. தாதி. எட்டு மாதம் வார இறுதிகளில் தம்பிக்குக் கையாள் வேலை பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஒரு சண்டையும் போட்டேன். கார் எப்படிப் பளபளத்தது என்பதைவிட அந்தச் சண்டையைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலில் காரிலிருந்து தொடங்குவோம்.

அப்பாவின் மொறிஸ், தம்பியின் மினி

தம்பி அந்தக் காரை இழுவை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது அம்மா தலையில் கை வைத்தார். அப்பா மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். யாழ்ப்பாணத்தில் அப்பப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. "ரெண்டும் ஒரே ஆள் வடிவமைச்ச கார்தான்" என்றார் அப்பா. உண்மைதான். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரையும் 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் சிமிர்னா நகரில் 1906இல் பிறந்தவர். 1922இல் போரில் அந்த நகரம் எரிந்தபோது குடும்பத்தோடு கப்பலேறித் தப்பினார். தகப்பனை இழந்து, தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இதை அப்பா சொன்னபோது தம்பி அந்தக் காரைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

வெளியே சிவப்பு. யாரோ தூரிகையால் பூசியிருந்தார்கள். சுரண்டினால் உள்ளே வெள்ளை. அதற்கும் கீழே, கதவின் உட்புற மூலையில், பழைய வெள்ளி மெற்றாலிக். "இந்த நிறத்துக்கே திருப்பிக் கொண்டுபோறன்" என்று தம்பி முடிவெடுத்தான். மெற்றாலிக் நிறங்களுக்குள் வெள்ளிதான் மிகக் கடினமானது, சிறு பிழையும் அதில் தெரியும் என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

பளபளப்புக்குக் கீழே

பெயின்ற் அடிப்பது என்றால் ஸ்பிறே கன்னைக் கையில் பிடிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எட்டு மாதத்தில் கன் கையில் இருந்தது மொத்தமாக ஐந்து நாள். மீதி முழுவதும் தேய்ப்பு.

மினியில் துரு பிடிக்கும் இடங்கள் பெயர் போனவை: கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, முன் சக்கர வளைவுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட தகடு, முன் முகப்பின் மூலைகள். துருவின் மேல் பெயின்ற் அடித்தால் சில மாதத்தில் கொப்பளமாக எழும்பும். புண்ணைச் சுத்தம் செய்யாமல் கட்டுப் போடுவது போலத்தான். அழுகிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டும் வெல்டிங் வேலையை, அது தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். மற்றதெல்லாம் நாங்கள்.

தேய்க்கும்போது ஒரு கவனம். அந்தக் காலத்துப் பெயின்றிலும், தகடுகளின் பொருத்துகளிலும் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி பெரியவர்களுக்கும் கேடு, குழந்தைகளுக்கு இன்னும் அதிகக் கேடு. அதனால் முடிந்தவரை தண்ணீர் விட்டுத்தான் தேய்த்தோம். தூசி பறக்கும் இடங்களில் பி3 வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டோம். வேலை உடுப்பைத் தனியாகத் துவைத்தோம். என் மகளை அந்தப் பக்கமே விடவில்லை.

பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பி 80 இலக்கச் சான்ட் பேப்பரால் உருவத்தைக் கொண்டுவந்து, 180, 320 என்று மென்மையாக்கினோம். பிறகு பிறைமர் மூன்று பூச்சு. அது காய்ந்ததும் மேலே மெல்லிய கறுப்புத் தூசி போல ஒரு பூச்சு அடித்துவிட்டு மீண்டும் தேய்க்க வேண்டும். மேடு இருக்கும் இடத்தில் கறுப்பு முதலில் போய்விடும், பள்ளத்தில் தங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத குறைகளை அந்தக் கறுப்பு காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக 800 இலக்கத்தில் தண்ணீர்த் தேய்ப்பு. கையால் தடவிப் பார்த்துச் சரி என்று சொல்வது அப்பாவின் வேலை. கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். "இஞ்ச ஒண்டு கிடக்கு" என்பார். கிடக்கும்.

சண்டை

பிறைமர் முடிந்த வாரம் தம்பி சாமான்களோடு வந்தான். வெள்ளி மெற்றாலிக் பெயின்ற் ஒரு தகரம், லக்கர் ஒரு தகரம், கூடவே ஒரு சின்னத் தகரம். லக்கர் என்பது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு. மெற்றாலிக் பெயின்ற் தானாகப் பளபளக்காது. காய்ந்ததும் சாம்பல் பூசியது போல மங்கித்தான் நிற்கும். மினுக்கத்தைக் கொடுப்பதும், உள்ளிருக்கும் அலுமினியத் துகள்களை மழையிலும் வெயிலிலும் இருந்து காப்பதும் லக்கர்தான்.

அந்தச் சின்னத் தகரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஹார்ட்னர், அதாவது லக்கரை இறுக வைக்கும் திரவம். பின்பக்கத்தில் ஐசோசயனேற் என்று எழுதியிருந்தது. அதைக் கீழே வைக்கும்போது என் கை நடுங்கியது.

சுவாச நோய் வார்ட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். பிரித்தானியாவில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று அது. அதிலும் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். ஹார்ட்னர் கலந்த லக்கரை ஸ்பிறே செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புகார் எழும்பும். அதைச் சுவாசிக்கும் சிலருடைய உடல் அந்தப் பொருளைப் பகையாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சுக் குழாய்கள் இறுகும். எல்லோருக்கும் இது வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அறிகுறி உடனே வர வேண்டும் என்பதும் இல்லை. பகலில் வேலை செய்துவிட்டு வந்தவருக்கு மாலையில் அல்லது நடுச்சாமத்தில் இருமலும் இழுப்புமாகத் தொடங்கலாம். தடிமன் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

தம்பியிடம் மாஸ்க் இருந்தது. "அக்கா, சும்மா பயப்பிடாதேங்கோ. நல்ல மாஸ்க்தான். அதோட ஒரே ஒரு நாள் வேலை" என்றான்.

வடிகட்டி மாஸ்க்கில் உள்ள சிக்கல் இதுதான்: வடிகட்டி தீர்ந்துபோனாலோ ஓரத்தால் காற்று புகுந்தாலோ உங்களுக்குத் தெரியாது. ஐசோசயனேற் மணத்தால் எச்சரிக்காது. கேடு செய்யும் அளவிலும் மூக்குக்கு எட்டாமல் இருக்கும். அதனால்தான் இங்குள்ள வேலையிடப் பாதுகாப்பு நிர்வாகமான எச்.எஸ்.ஈ, இந்த வகைப் பெயின்றை ஸ்பிறே செய்பவருக்குக் குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசம் வேண்டும் என்கிறது. அடித்து முடித்த உடனே வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க முகமூடியைத் தூக்குவதும் கூடாது. புகார் கலைந்தது போலத் தெரிந்தாலும் காற்றில் நிற்கும்.

அப்போது அப்பா குறுக்கே வந்தார். "நாங்கள் அந்த மொறிசுக்கு மாமரத்துக்குக் கீழ வச்சு மாஸ்க் ஒண்டும் இல்லாமல்தான் அடிச்சனாங்கள். ஒண்டும் நடக்கேல்லை."

அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அடித்தது செலுலோஸ் பெயின்ற். அதில் ஐசோசயனேற் கிடையாது. தின்னர் ஆவி உண்டு, அதுவும் உடலுக்கு நல்லதல்ல. ஆனால் இந்த நோயை உண்டாக்கும் பொருள் அதில் இல்லை. இரண்டையும் பெயின்ற் என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். மனித நுரையீரலுக்கு அவை ஒன்றல்ல. நம் பெரியவர்களின் அனுபவத்தை மதிக்க வேண்டும். அந்த அனுபவம் எந்தத் தகரத்தைப் பற்றியது என்றும் கேட்க வேண்டும்.

தம்பி சமாதானமாகவில்லை. அந்த லக்கர்தான் கெட்டியானது, பெற்றோல் சிந்தினாலும் கறை விழாது, இலேசில் கீறாது என்றான். அவன் சொன்னதும் உண்மையே. அப்போதுதான் நான் குரலை உயர்த்தினேன். அவனுக்கு நாலு வயதில் முட்டு வருத்தம் வந்தது. இரவு வேலைக்கு அப்பாவும் அம்மாவும் போன நாட்களில், பம்ப்பைப் பிடித்துக்கொண்டு அவனை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தவள் பதினாலு வயது நான். அவனுக்கு அது நினைவில்லை. எனக்கு அந்த நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்துக்கொண்டு போனது இன்றும் நினைவிருக்கிறது. "கதவைப் பிழையா அடிச்சா தேய்ச்சுப்போட்டுத் திரும்ப அடிக்கலாம். நுரையீரலைத் தேய்ச்சுத் திருத்த ஏலுமோடா?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டான்.

இரண்டு வாரம் கராஜ் பூட்டியே கிடந்தது. பிறகு ஒரு மாலை வந்து, "சரி, வேற என்ன வழி?" என்று கேட்டான்.

வழி இரண்டு இருந்தன. ஒன்று, கடைசிப் பூச்சுக்களை மட்டும் காற்றோட்ட அறையும் முறையான கவசமும் உள்ள பெயின்ற் கடையில் கொடுப்பது. மற்றது, ஹார்ட்னர் தேவையில்லாத ஒரு தகர லக்கரை வீட்டில் அடிப்பது. இது அவ்வளவு கெட்டியாகாது, கூடுதல் பூச்சும் கூடுதல் பொலிஷும் கேட்கும். தன் கையாலேயே முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டாவதைத் தேர்ந்தான். ஒன்றைக் கவனியுங்கள்: அடியில் ஒரு குமிழை அழுத்தி ஹார்ட்னரைக் கலக்கும் ஸ்பிறே தகரங்களும் கடையில் உண்டு. தகரம் சின்னதாக இருப்பதால் ஆபத்தும் சின்னது என்று எண்ண வேண்டாம். அதற்குள்ளும் ஐசோசயனேற் இருக்கும். வாங்கும் முன் பின்பக்கத்தை வாசியுங்கள்.

கராஜைத் தயார்செய்தல்

ஹார்ட்னர் இல்லாத பெயின்ற் என்றாலும் அதன் தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றைவிடப் பாரமானதால் நிலத்தோடு தவழ்ந்து போகும். எங்கள் கராஜில் பொயிலர் இருந்தது. அதை நிறுத்தினோம். அம்மாவின் மீன் பெட்டியும் அங்கேதான். ஃப்ரீசரின் உள்ளே சுவிட்ச் தானாக இயங்கும்போது பொறி பறக்கலாம் என்பதால் அதைச் சமையலறைக்கு நகர்த்தினோம். "உங்கட காருக்காக என்ர மீனுக்கு இடம்பெயர்வு" என்றார் அம்மா.

இரண்டு பக்கக் கதவையும் திறந்து காற்று ஊடறுத்துப் போக விட்டோம். அயலவரின் கார்களை, அவர்களிடம் முன்பே சொல்லி, தள்ளி நிறுத்தச் செய்தோம். தூசி எழும்பாமல் நிலத்தை நனைத்தோம். கரிம ஆவிக்கான பழுப்புப் பட்டியும் தூசிக்கான வெள்ளைப் பட்டியும் உள்ள ஏ2பி3 வடிகட்டி மாஸ்க், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழு அங்கி. தம்பி ஆறு மாதம் வளர்த்த தாடியையும் மழித்தான். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. சண்டையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி அதுதான்.

துகள்கள் படுக்கும் விதம்

மெற்றாலிக் பெயின்றுக்குள் அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. அவை எல்லாம் ஒரே சீராகப் படுத்தால்தான் நிறம் ஒரே சீராகத் தெரியும். மிக ஈரமாக அடித்தால் செதில்கள் நகர்ந்து திட்டுத் திட்டாகக் கறுக்கும். மிகக் காய்ந்து விழுந்தால் சொரசொரப்பாகி வெளிறும். கன்னின் முனை 1.3 அல்லது 1.4 மில்லிமீற்றர். தகட்டிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரம். மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் பக்கவாட்டில் நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதிக்கு மேலாவது மூட வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டோம். இப்படி மூன்று பூச்சு. கடைசியாகக் காற்றழுத்தத்தைக் குறைத்து, கன்னைச் சற்றுப் பின்னே பிடித்து, பனி விழுவது போல ஒரு மெல்லிய பூச்சு. திட்டுக்களைச் சமப்படுத்துவது அதுதான்.

இங்கே இரண்டு பெரிய தவறுகள் செய்தோம். முதலாவது பொனற்றில். அடித்த மறுநொடி மீன் கண் போல வட்ட வட்டமாகக் குழிகள். காரணம் தேடினால், அப்பா கடைசி நேரத்தில் அன்போடு ஒரு முறை துடைத்திருக்கிறார், அம்மா தளபாடத்துக்குப் பொலிஷ் போடும் துணியால். அந்தப் பொலிஷில் சிலிக்கோன் உண்டு. அதன் மேல் பெயின்ற் நிற்காது, விலகி ஓடும். காயவிட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தால் இரண்டு முறை துடைத்து, மறுபடி அடித்தோம்.

இரண்டாவது கதவுகளில். வசதியாக இருக்கும் என்று இரண்டையும் கழற்றி மேசையில் படுக்கவைத்து அடித்தோம். பூட்டிப் பார்த்தால் கதவு ஒரு வெள்ளி, உடம்பு இன்னொரு வெள்ளி. பெயின்ற் அதே தகரம்தான். படுத்திருக்கும் தகட்டில் செதில்கள் ஒரு விதமாகப் படியும், நிமிர்ந்து நிற்கும் தகட்டில் வேறு விதமாகப் படியும். காரில் எப்படி நிற்குமோ அப்படியே நிறுத்தித்தான் அடிக்க வேண்டும். தம்பி ஒரு மணித்தியாலம் படியில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழும்பி 800 இலக்கப் பேப்பரைத் தண்ணீரில் போட்டான்.

மெற்றாலிக் பூச்சில் ஒரு தூசி விழுந்தால், அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு நேரே லக்கர் அடிக்கவும் கூடாது. செதில்கள் வெட்டுப்பட்டுக் கோடாகத் தெரியும். தேய்த்தால் அதன் மேல் மறுபடி நிறம் அடித்தாக வேண்டும்.

லக்கர் நாலு பூச்சு. முதல் பூச்சு விழுந்ததும் அந்த மங்கிய சாம்பல் வெள்ளியாக விழித்தது. கதவருகே நின்ற அப்பா ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் இறுகவிட்டு, 2000 இலக்கத்தில் தண்ணீர்த் தேய்ப்பும் பொலிஷும். தேய்க்கும்போது வரும் தண்ணீர் பால் போல வெள்ளையாக இருக்கும்வரை பயமில்லை. அது வெள்ளிச் சாம்பலாக மாறினால் லக்கரைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். மினியின் வெளியே துருத்தி நிற்கும் பொருத்து விளிம்புகளில் அது இலகுவாக நடக்கும். ஒரு விளிம்பில் எங்களுக்கும் நடந்தது. விளிம்புகளில் முன்பே நாடா ஒட்டிவிடுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் சிவப்பு என்று இருந்ததை வெள்ளி என்று மாற்ற டிவிஎல்ஏக்கு அறிவித்தோம். நிறம் மாறினால் அறிவிப்பது கட்டாயம். அதற்குக் கட்டணம் இல்லை.

கறை

அடுத்த முறை காரைப் பார்க்கும்போது பின்னால் இடது பக்கம் போய்ப் பாருங்கள். பெற்றோல் மூடிக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு மங்கிய கறை இருக்கும். மூன்றாம் மாதம் பெற்றோல் நிரப்பும்போது சிந்தியது. உடனே துடைத்தும் போகவில்லை. ஹார்ட்னர் கலந்த லக்கராக இருந்திருந்தால் பெரும்பாலும் விழுந்திருக்காது. தம்பி அதை எனக்குக் காட்டி, "இது உங்கட கறை அக்கா" என்பான். நானும் ஒப்புக்கொள்வேன். வருகிற கோடையில் அந்தப் பக்கத்தைத் தேய்த்து மறுபடி அடிக்கப் போகிறானாம். அடிக்கட்டும். அது திருத்தக்கூடியது.

பழைய கார் வாங்க நினைக்கும் தம்பி தங்கையரே, வாங்குங்கள். கையால் ஒன்றைச் சீராக்கி முடிப்பதில் உள்ள சந்தோசத்தை நான் கண்ணால் பார்த்தேன். அப்பாவும் தம்பியும் இத்தனை வருடத்தில் பேசாததை அந்தக் கராஜில் பேசினார்கள். தகரத்தின் முன்பக்கம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முறையான காற்றுக் கவசமும் அறையும் இல்லையென்றால் ஹார்ட்னர் கலந்ததை வீட்டில் அடிக்காதீர்கள். அந்த ஒரு பூச்சைக் கடையில் கொடுத்தால் கார் உங்களுடையதல்ல என்று ஆகிவிடாது. ஏற்கெனவே இப்படி வேலை செய்து, இரவில் இருமலோ நெஞ்சு இறுக்கமோ வருகிறதென்றால், விடுமுறையில் குறைந்து வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதென்றால், உங்கள் வைத்தியரிடம் போய், என்ன பெயின்ற் அடித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காமல் அவர்களுக்குத் தெரியாது.

மற்றக் கேள்விகளை ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தேநீர் நேரத்தில் கேளுங்கள். கன், பூச்சு பற்றித் தம்பியிடம். மூச்சு பற்றி என்னிடம்.